அக்காவுக்கு ரத்தம் எடுத்த காலை

என் அக்கா காலை ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருப்பாள். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கணபதி ஏரியாவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வெறும் வயிற்றோடு பத்துப் பேர் படியில் உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரைக்காரர்கள், கர்ப்பிணிகள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள். எட்டரை மணிக்குக் கூட்டம் ஓய்ந்து கையில் டீ வந்த பிறகு அக்காவுக்கு ஃபோன் போடுவேன். சமையல்காரம்மாதான் எடுப்பார்.

"அம்மா இன்னும் எந்திரிக்கலைங்க. எந்திரிச்சதும் சொல்றனுங்க."

சரி என்று வைத்துவிடுவேன். அவளுக்கென்ன, வடவள்ளியில் மலையைப் பார்த்த வீடு, சமையலுக்கு ஆள், துவைக்க ஆள், கார் ஓட்ட ஆள். மாமாவுக்கு மோட்டார் பம்புக்குப் பாகங்கள் வார்த்துக் கொடுக்கும் பட்டறை. ஒரே மகள், அவளும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். ஒன்பது மணி வரை தூங்காமல் வேறு என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த டியூபில் பேர் எழுதுவேன்.

இந்தப் பொறாமை நேற்று வந்ததில்லை. உடுமலைப்பேட்டையில் நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது தீபாவளிக்கு ஒரே துணியில் இருவருக்கும் பாவாடை தைப்பார்கள். அக்காவுக்கு அளவெடுத்துக் கச்சிதமாகத் தைக்கச் சொல்லும் அம்மா, என் முறை வரும்போது டெய்லரிடம், "சின்னவ வளர்ற புள்ளைங்க, தொளதொளன்னே தெச்சுருங்க" என்பாள். நான் வளர்ந்து அந்தப் பாவாடை சரியாகப் பொருந்தும்போது துணி வெளுத்திருக்கும். வந்தவர்கள் எல்லோரும் அக்காவைத்தான் பாடச் சொல்வார்கள். அவளுக்கு மூன்று வயது மூத்தவள் என்ற சலுகையும், பார்த்தவர் மறுபடி பார்க்கும் முகமும் சேர்ந்தே வாய்த்திருந்தன. என் கணவர் லேத் பட்டறையில் சூப்பர்வைசர். நல்ல மனுஷர், பேச்சு குறைவு, டீயைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. அவரைக் கட்டிக்கொண்டதில் எனக்குக் குறையில்லை. ஆனாலும் அக்கா வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே போகும்போதெல்லாம் என் செருப்பு பழசாகத் தெரியும்.

மூன்று வருஷமாக அவள் கையில் எப்போதும் ஒரு ஸ்டீல் பிளாஸ்க் இருந்தது. ரோஜா நிறம். உட்கார்ந்தாலும் நடந்தாலும் அது கூடவே வரும். என்னவென்று ஒருதரம் கேட்டேன்.

"எலுமிச்சையும் இஞ்சியும் போட்ட தண்ணி கண்ணு. ஒடம்புக்கு நெம்ப நல்லது."

மறுவாரமே கிராஸ்கட் ரோட்டில் தேடிப் பிடித்து அதே மாதிரி ஒன்று வாங்கினேன். நிறம்தான் கிடைக்கவில்லை, பச்சை கிடைத்தது. ஒரு மாதம் எலுமிச்சையும் இஞ்சியும் போட்டுக் குடித்தேன். அக்காவின் கன்னத்தில் இருந்த சிவப்பு எனக்கு வரவில்லை. அந்தச் சிவப்பை ஆரோக்கியம் என்று நினைத்திருந்தேன். பதினாறு வருஷமாக மனிதர்களின் முகத்தையும் கையையும் பார்த்தே பாதி வியாதியைச் சொல்லிவிடுகிறவள் நான்.

போன வருஷம் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மண்டபத்தில் எங்கள் பெரியம்மா மகன் கல்யாணம். அக்கா முகூர்த்தம் முடிந்துதான் வந்தாள். வந்ததிலிருந்து ஒரே சிரிப்பு. ஒறம்பரை, சொந்தபந்தம் என்று ஒருத்தரை விடவில்லை, எல்லோரையும் கட்டிப் பிடித்தாள். கிழவிகள் கன்னத்தைக் கிள்ளினாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. திடீரென்று தன் கையிலிருந்து ஒரு தங்க வளையலைக் கழற்றி என் கையில் மாட்டினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ற தங்கச்சிக்கு நான் போடாம ஆரு போடுவா?" என்றாள்.

எதிர்ப் பந்தியில் இருந்த அத்தைமார்கள் என் கையைப் பார்த்தார்கள். அதில் ஏற்கெனவே இருந்தது கவரிங். வளையலைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க முயன்றேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பாசம் என்றார்கள். நான் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடினேன்.

மூன்றாம் நாள் ஃபோன் செய்தாள்.

"கண்ணு, அன்னிக்குக் கல்யாணத்துல என்ற வளையல் ஒண்ணு எங்கியோ கழண்டு உழுந்துருச்சாட்ட இருக்குது. உன்ற கண்ணுல ஏதாச்சும் பட்டுச்சா?"

ஊர் பார்க்கக் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது கேட்டு வாங்குகிறாள். அதையும் எவ்வளவு நாசூக்காகக் கேட்கிறாள் பார் என்றுதான் நினைத்தேன். "எங்கிட்டத்தான் இருக்குது, தாட்டி உடறேன்" என்று சொல்லி வைத்தேன். அன்று மாலையே பேப்பரில் சுற்றிக் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். அதன் பிறகு அவள் பல தடவை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. நான்கு மாதம் பேசாமல் இருந்தோம். அதாவது நான் பேசாமல் இருந்தேன்.

அந்த இடைவெளியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. உடுமலையிலிருந்து அழைத்து வந்து என் வீட்டில் வைத்துக்கொண்டேன். ஆபரேஷனுக்கு முதல் நாளே அக்கா அம்மாவிடம் ஃபோனில் அழுது, காலை ஏழு மணிக்குக் காரோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா ஆறரைக்கே புதுச் சேலை கட்டி உட்கார்ந்துவிட்டாள். ஏழரை ஆனது, எட்டானது. கடைசியில் ஆட்டோ பிடித்து நான்தான் கூட்டிப் போனேன். லேப்புக்கு லீவு. மூன்று நாள் லீவு. ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விட்டேன். அக்கா காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாள்.

கட்டுப் போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு அம்மா சொன்னாள். "பெரியவளுக்கு ஒடம்பு நெம்ப முடியலையாட்ட இருக்குது. நீ ஒரு எட்டு போயி பாத்துப்போட்டு வாயேன் சாமி."

"இப்ப மருந்து உடறது ஆரும்மா?"

"நீதான் உடறே. அதுக்கென்ன?"

அதுக்கென்ன. அந்த வார்த்தையை நான் ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன்.

அம்மா ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருக்கும். ஒரு நாள் காலை மாமா லேப்புக்கே வந்துவிட்டார். அவர் எங்கள் லேப்புக்கு வந்ததே கிடையாது. வரிசையில் நின்றவர்களைப் பார்த்து ஒதுங்கி நின்றார். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அம்மணி, உங்கக்கா ரெண்டு தடவ பாத்ரூம்ல உழுந்துட்டா. நேத்து டாக்டர ஊட்டுக்கே கூட்டியாந்தேன். ரத்தம், கல்லீரல் எல்லாம் பாக்கோணும்னு எழுதிக் குடுத்துருக்கறாரு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறா. தங்கச்சி வந்தா குடுக்கறேங்கறா. நீ வந்து எடுத்துட்டுப் போயிறயா?"

"நான்தான் வரோணும்னு சொன்னாங்களா மாமா?"

"உன்னயத்தான் சொல்றா."

அதைக் கேட்டு எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. நான்கு மாதம் பேசாமல் இருந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. மறுநாள் ரத்தம் எடுக்கப் போகும்போது என்னிடம் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். ஊசியும் டியூபுமாகப் போகிறவள் யாராவது கரை வைத்த சேலை கட்டுவாளா? நான் கட்டினேன்.

ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமா பட்டறைக்குக் கிளம்பிவிட்டிருந்தார். சமையல்காரம்மா மாடியைக் காட்டினார். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. அவளை இத்தனை மெலிவாக நான் பார்த்ததில்லை. வயிறு மட்டும் லேசாக உப்பியிருந்தது.

"வா கண்ணு. சேல நல்லாருக்குது" என்றாள்.

"வெறும் வயித்துலதான இருக்கறீங்க?"

"ஆமா. தண்ணி மட்டும்தான்."

கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். முன்கையில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது. விழுந்த காயம் என்று நினைத்து ரப்பர் பட்டையைக் கட்டினேன். கை நடுங்கியது. பிடித்தேன், பிடித்த பிறகும் நடுங்கியது. விரல்களை மடக்கச் சொன்னால் மடங்கவில்லை, சுண்டு விரல் தனியாக ஆடியது. நரம்பு பார்க்கக் குனிந்தேன். வாயில் ஏலக்காய் மென்றிருந்தாள். அந்த ஏலக்காய்க்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது.

எனக்கு அந்த வாசம் தெரியும். லேப்புக்கு வருகிற ஆண்களில் தினமும் ஒருத்தரிடமாவது அது இருக்கும். ஏலக்காய், மின்ட், பாக்கு, சில பேர் துளசி இலை கூட மெல்லுவார்கள். "குடிய நேத்தே விட்டுட்டனுங்க" என்று சத்தியம் செய்வார்கள். கை நடுங்கும். நானும் சரிங்க என்று சொல்லி ஊசியை ஏற்றுவேன். பின்னால் நிற்கும் அவர்கள் மனைவியின் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

தலையணைக்குப் பக்கத்தில் ரோஜா நிற பிளாஸ்க் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

அந்த நேரத்தில் முதலில் எனக்குள் வந்தது பயம் இல்லை, இரக்கமும் இல்லை. இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா என்று ஒரு குளிர்ச்சி. இத்தனை வருஷம் நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்தவளுக்குத் தலையைக் கொஞ்சம் குனிய வாய்த்த மாதிரி. இரண்டு மூன்று மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். ஆனால் இருந்தது.

"எப்பருந்துங்க்கா?" என்றேன்.

"என்னது?"

நான் பஞ்சால் கையைத் துடைத்தேன். அவள் கண்ணில் நீர் முட்டியது. கையை இழுத்துக்கொண்டாள்.

"என்றது வேண்டாம் கண்ணு. உன்ற கையிலிருந்து எடுத்து என்ற பேரப் போட்டுரு. ஆருக்குத் தெரியப்போவுது? நீதான எடுக்கறே, நீதான பாக்கறே."

"அக்கா..."

"ஒரே ஒரு தடவ. நான் நிறுத்திப்போடுவேன். அடுத்த மாசம் மறுக்காப் பாத்தா எல்லாஞ் செரியாயிரும். உன்ற மாமாவுக்குத் தெரிஞ்சா நான் செத்தே போயிருவேன்."

என்னுடையது எதையும் அவள் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அவள் கச்சிதமாக உடுத்தியதை நான் தொளதொளவென்று உடுத்தினேன், அவள் பாடியதற்கு நான் கை தட்டினேன். முதல் தடவையாக என்னிடம் இருக்கிற ஒன்று அவளுக்குத் தேவைப்பட்டது. அது என் ரத்தம். எலுமிச்சை இஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் கலக்காத என் ரத்தம்.

மாட்டேன் என்றேன். அது நல்ல குணத்தால் சொன்னதில்லை. அந்த ரிப்போர்ட் அவள் பேரில், அவள் ரத்தத்தில் வரவேண்டும் என்று எனக்கு இருந்தது. மாமா அதைப் பார்க்கவேண்டும், அம்மாவும் பார்க்கவேண்டும் என்றுகூட இருந்தது.

"கையக் குடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கையைக் கொடுத்தாள். இரண்டாவது குத்தில்தான் கிடைத்தது. டியூப் நிறையும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "உனக்கென்ன, காலைல ஆறு மணிக்குப் போயி நிக்கறதுக்கு ஒரு எடம் இருக்குது."

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நம்பவில்லை. பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது லாலி ரோடு சிக்னலில் நிறுத்தினேன். டியூப்கள் ஐஸ் பெட்டியில் காலடியில் இருந்தன. அப்போதுதான் வளையல் ஞாபகத்துக்கு வந்தது. அவள் கேட்டு வாங்கவில்லை. கொடுத்ததே அவளுக்குத் தெரியாது. பந்தியில் என் தோளில் சாய்ந்து சிரித்தது, அழுதது எதுவுமே அவளிடம் மிச்சமில்லை. வளையல் தொலைந்துவிட்டது என்றுதான் உண்மையாகவே தேடியிருக்கிறாள். நான் பேப்பரில் சுற்றி அனுப்பியதைப் பிரித்துப் பார்த்து அவள் என்ன நினைத்திருப்பாள்? ஏன் என் தங்கை பேசமாட்டேன் என்கிறாள் என்று நான்கு மாதம் யோசித்திருப்பாளா? "நேத்து என்ன பேசுனன்னே ஞாபகம் இல்லீங்க" என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவின் ஆபரேஷன் அன்று காலை ஏழு மணி. ஒன்பது மணி வரை தூக்கம். சிவந்த கன்னம். ஒவ்வொன்றாக வந்தது. சிக்னல் பச்சையாகிவிட்டது போல, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

பத்து மணிக்கெல்லாம் ரிப்போர்ட் வந்துவிட்டது. அளவு தாண்டிய வரிகளுக்குப் பக்கத்தில் எங்கள் இயந்திரம் நட்சத்திரக் குறி போடும். கல்லீரல் பகுதியில் அநேகமாக எல்லா வரியிலும் நட்சத்திரம் இருந்தது. மடித்துக் கைப்பையில் வைத்தேன். மத்தியானத்துக்குள் நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு தடவை பார்த்தது காலையில் சந்தோஷப்பட்டவள். மூன்றாம் தடவை பேருக்குக் கீழே இருந்த வயதைப் பார்த்தேன். நாற்பத்தாறு. இதே எண்களோடு வந்து அடுத்த வருஷம் வராமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

மாமாவிடம் நேரே கொடுத்துவிடலாம் என்றுதான் காலையில் இருந்தது. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்காவின் அறையில்தான் போய் நின்றேன்.

"ரிப்போர்ட் வந்துருச்சுங்க்கா. மாமாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவள் காகிதத்தை வாங்கவில்லை. "உனக்கு இதுதான வேணும்?" என்றாள். குரல் உயர்ந்தது. "சின்னதுலருந்தே உனக்கு என்னயக் கண்டா ஆகாது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டயா? இப்பச் சந்தோசமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க்கா" என்றேன். "காலைல சந்தோசமாத்தான் இருந்துச்சு. இப்ப இல்ல. இப்பப் பயமா இருக்குது."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். பிறகு அவள் பிளாஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். பாதிக்கு மேல் இருந்தது. மகள் விமானம் ஏறிய மாதத்திலிருந்து தொடங்கியது என்றாள். மாமா வியாபார விருந்தாளிகளுக்காக அலமாரியில் வைத்திருந்த பாட்டிலில் முதலில் கொஞ்சம், பிறகு அளவு தெரியாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி வைத்தாள், பிறகு மாலில் இருக்கும் மதுக்கடைக்குத் தானே போக ஆரம்பித்தாள். தூக்கம் வருவதற்காகத் தொடங்கியது, போன வருஷத்திலிருந்து காலையில் கை நடுங்காமல் இருக்கவும் தேவைப்பட்டது.

"டிரைவரு மேல பழி போட்டு நிறுத்திப்போட்டாரு உன்ற மாமா. பாட்டில்ல தண்ணி ஊத்தி வெச்சது அவன்னு. நான் பாத்துட்டே இருந்தேன் கண்ணு. வாயத் தொறக்கல."

இதைச் சொல்லும்போதுதான் உடைந்து அழுதாள். ரிப்போர்ட்டுக்கு அழவில்லை.

ஏழு மணிக்கு மாமா வந்தார். அவள் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன். அவர் முதலில் நம்பவில்லை. "எங்கூட்டுப் பொம்பளைங்க அதெல்லாம்..." என்று தொடங்கி ரிப்போர்ட்டைப் பார்த்து நிறுத்தினார். பிறகு கோபம் வந்தது. அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலாகச் சிங்க்கில் கொட்டினார். அவள் பிளாஸ்க்கையும் கொட்டினார். "இன்னையோட முடிஞ்சுது. நாளைலருந்து ஒரு சொட்டு கெடையாது" என்றார்.

நான் அவரிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"ஊட்டுல வெச்சு ஒரே நாள்ல நிறுத்தக் கூடாதுங்க மாமா. வலிப்பு வந்துரும். உசுருக்கே ஆபத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்."

அதை லேப்பில் நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் சிங்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கார் சாவியைத் தேடினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் என்னிடம் விவரம் கேட்டார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு மூன்று வருஷம் என்றேன். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பேனா ஓடிய சத்தம் போதுமாக இருந்தது.

பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தாள். மூன்றாம் நாள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து கத்தினாள், பிறகு மெல்ல அடங்கியது. அம்மாவிடம் மஞ்சள்காமாலை என்று சொல்லிவிடலாம் என்றார் மாமா. சொன்னோம். அம்மா அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கட்டில் பக்கம் உட்கார்ந்து அரை மணி நேரம் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வராந்தாவில் என்னிடம் வந்து கேட்டாள்.

"இது காமாலை இல்லதான?"

"இல்லம்மா."

"உங்கய்யன் தம்பிக்குக் கை இப்புடித்தான் ஆடும்" என்றாள். உள்ளே போய் அக்காவின் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். எண்ணெய் காணாத முடி, அத்தனை சிக்கு. ஒவ்வொரு இழையாக, வலிக்காமல். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிரசவத்துக்கு வந்தபோது கூட அம்மா எனக்கு இப்படித் தலை வாரியதில்லை என்று தோன்றியது. அந்த நேரத்திலும் தோன்றியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட ஒருத்திக்கு முடியுமா என்று கேட்டால், முடியும்.

வெளியே வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. பொங்கலுக்கு மகள் வந்து திரும்பிப் போன மறுநாள் அக்கா மறுபடி குடித்தாள். ஆனால் அன்று அவளே கூப்பிட்டாள். லேப்பில் கூட்டமான நேரம். "குடிச்சுப்போட்டேன் கண்ணு. வாரயா?" என்றாள். கையுறையோடே கிளம்பிப் போனேன். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, தொடவில்லை. டிரைவரைத் தேடி மேட்டுப்பாளையம் வரை போய் அவர் மனைவி முன்னாலேயே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள் அவளும் மாமாவும். அவர் மறுபடி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான்.

வாரம் இரண்டு நாள் மாலையில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிறார்கள். அக்கா அங்கே போகிறாள். அங்கே திருப்பூரிலிருந்து வரும் ஒரு பெண், பனியன் கம்பெனியில் தையல் வேலை, விட்டு ஏழு வருஷம் ஆகிறது. அக்கா தினமும் காலையில் அவளுக்குத்தான் முதலில் ஃபோன் செய்கிறாள். நான் எட்டரைக்குக் கூப்பிட்டால் லைன் பிஸியாக இருக்கிறது. "அந்த அம்மணிகிட்டப் பேசிட்டிருந்தேன் கண்ணு" என்கிறாள். என்னிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து சிரிப்பதைக் கூட ஒருதரம் ஸ்பீக்கரில் கேட்டேன். அக்கா நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவளும் நான்தான், அந்தத் திருப்பூர்க்காரி மேல் எரிச்சல்படுகிறவளும் நான்தான்.

போன மாதம் வீட்டு ஆட்களும் வரலாம் என்ற கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனாள். மாமா ஊரில் இல்லை. பெஞ்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அக்கா எழுந்து நின்று பேசினாள். பாடுவதற்கு எழுந்து நிற்பது போல இல்லை, கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து. டிரைவரைப் பற்றிப் பேசினாள். அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றிப் பேசினாள். மகளுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். திருப்பூர் அம்மணிக்கு நன்றி சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெளியே வந்து தள்ளுவண்டியில் ஆளுக்கொரு தட்டு காளான் வாங்கிக்கொண்டு நின்றோம். சூடாக இருந்தது, வண்டிக்காரர் வெங்காயத்தை அள்ளிப் போட்டிருந்தார்.

"ஏன், மொகம் ஒரு மாதிரி இருக்குது?" என்றாள்.

"ஒண்ணுமில்லைங்க்கா."

"சொல்லு கண்ணு."

"ரத்தம் எடுத்தது ஆருன்னு ஒரு வார்த்த சொல்லீருக்கலாமல்லொ?"

அவளுக்குப் புரையேறிவிட்டது. தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, இருமிக்கொண்டே சிரித்தாள். வண்டிக்காரர் தண்ணீர் நீட்டினார்.

"அதுக்கும் பொறாமையா?" என்றாள்.

"அதுக்குந்தான்."

"உன்னயப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா மத்தவங்களுக்கு நேரம் இருக்காதுன்னு உட்டுட்டேன்" என்றாள். உண்மையா, என்னைச் சமாளிக்கச் சொன்னதா தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவள் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, என் தட்டில் இருந்த வெங்காயத்தையும் எடுத்துத் தன்னதில் போட்டுக்கொண்டாள்.